பிள்ளை என்று சொல்லாதீர்கள்

"அம்மிணி, பிள்ளைக எல்லாம் லாரியில வந்து எறங்கிருச்சுங்க. எங்க கொண்டுபோய் வெக்கறதுங்க?"

கேட்டிலிருந்து வாட்ச்மேன் மயில்சாமி போனில் கேட்டதும் அனுசுயாவுக்குப் பகீரென்றது. பிறகுதான் நினைவு வந்தது. இன்றைக்கு உலகத் தேங்காய் தினம். முதலாளி சாமியப்பனுக்குத் தீபாவளிகூட இதற்கு அப்புறம்தான். தோப்பு வைத்திருக்கிற மனுஷர். தன் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு தென்னம்பிள்ளை என்று சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்குப் பழனிக்குக் கிளம்பிவிட்டார்.

தென்னம்பிள்ளை வந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பீர்கள். உங்களுக்கென்ன, நீங்களா ஹெச்.ஆர்.? துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர் இந்த வாரம் எந்த நாளும் வந்து நிற்கலாம். சொல்லிக்கொண்டு வரமாட்டார். வந்ததும் அவர் முதலில் தேடுவது, சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்றுதான். அப்படி ஒரு சந்தேகம் வந்தால் போதும், ஆர்டர் கைவிட்டுப் போய்விடும். அருள்புரத்தில் அந்தக் கம்பெனியை நம்பி அடுப்பெரிகிற அத்தனை வீடும் தவித்துப்போகும். தேனிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகாத அனுசுயாவின் சீட்டு அதற்கு முன்னாலேயே கிழிந்துவிடும்.

"பின்னாடி குடோன்ல வைங்கண்ணே," என்றாள்.

"அடைச்சு வெக்கறதுங்களா? பச்சைப் பிள்ளைகங்க, வாடிப்போயிருமுங்க."

"அண்ணே, இந்த மாதிரிப் பேசாதீங்க. ஆடிட்டர் காதுல விழுந்தா என்ன ஆகும்?"

வாழை என்றால் கன்று என்கிறோம். முருங்கை என்றால் போத்து. தென்னைக்கு மட்டும் எந்தப் புண்ணியவான் பிள்ளை என்று பெயர் வைத்தானோ என்று அனுசுயா நொந்துகொண்டாள். பெற்ற பிள்ளை போல வளர்த்தால் பெற்ற பிள்ளை போலவே காப்பாற்றும் என்று நினைத்து வைத்திருப்பான். நல்ல எண்ணம்தான். ஆடிட் வருகிற வாரத்தில் அந்த நல்ல எண்ணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மைக்கை எடுத்தாள். "அனைவருக்கும் ஒரு அறிவிப்பு. இன்றைக்கு ஆளுக்கொரு கன்று தரப்போகிறோம். எல்லோரும் கன்று என்றே சொல்லுங்கள். வேறு பெயர் சொல்ல வேண்டாம்."

மைக்கை வைத்த கை இன்னும் கீழே வரவில்லை, செக்கிங் டேபிளிலிருந்து மூக்கம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றாள். ராமநாதபுரம் பக்கத்துக்காரி, புருஷனும் அவளும் இங்கேயே வேலை.

"மேடம், எனக்குக் காளைக் கன்னு வேண்டாம். பசுவாப் பாத்துக் குடுங்க."

"என்னது?"

"கன்னுக்குட்டி குடுக்குறாகளாம்ல? லைன் வீட்டுல கட்ட எடமில்லைதான். வீட்டுக்காரம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அதற்குள் அயர்னிங் பக்கம் புல்லுக்கு எங்கே போவது என்ற பேச்சு ஆரம்பித்துவிட்டது. இதை வளரவிட்டால் சாயங்காலம் ஆளாளுக்குக் கயிற்றோடு வந்து நிற்பார்கள். அனுசுயா மறுபடியும் மைக்கைப் பிடித்தாள்.

"கன்றுக்குட்டி இல்லை, தென்னம்பிள்ளை. தென்னம்பிள்ளைதான்." சொன்ன பிறகுதான், சொல்லக் கூடாத வார்த்தையைத் தானே கம்பெனி முழுக்கக் கேட்கிற மாதிரி இரண்டு தடவை சொன்னது உறைத்தது. குரல் உயர்ந்துவிட்டது. "இனிமேல் இதைப் பற்றி யாரும் வாயே திறக்கக் கூடாது. குடோனைப் பூட்டுங்கள்."

பூட்டிச் சாவியைக் கையில் வாங்கிய பிறகுதான் மூச்சு வந்தது. உடனே மயில்சாமி மறுபடியும் கூப்பிட்டார்.

"அம்மிணி, கார்ல ஒருத்தரு வந்து நிக்கறாருங்க. என்னமோ கேக்கறாரு..."

"யாரா இருந்தாலும் நீங்களே பேசி அனுப்புங்கண்ணே. நான் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்."

"அதெல்லாம் பக்குவமாச் சொல்லி அனுப்பிடறனுங்க," என்றார் மயில்சாமி.

டீ இடைவேளை முடிந்த நேரத்தில் அந்தப் பெண் வந்தாள். காட்டன் சுடிதார், தோளில் பை, சிரித்த முகம். அனுசுயா பயந்த ஆடிட்டருக்கு இருக்க வேண்டிய லட்சணம் ஒன்றுகூட இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"வணக்கமுங்க, என் பேர் பிரியங்கா. நான் வருவேன்னு தெரிஞ்சிருக்குமே. பிள்ளைகளைப் பாக்கணுமுங்க."

அனுசுயாவின் வாய், யோசனைக்குக் காத்திராமல், ஆடிட்டுக்காக மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னது. "எங்க கம்பெனியில பிள்ளைங்களே கிடையாதுங்க மேடம்."

பிரியங்காவின் சிரிப்பு நின்றது. "காலையில லாரியில வந்து எறங்குச்சுங்களே?"

அப்படியென்றால் காலையிலிருந்தே வேவு பார்த்திருக்கிறார்கள். அனுசுயா உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் 'கிடையாது' என்று சொன்ன வாயால், அடுத்த நிமிஷமே 'இருக்கிறது, ஆனால் அது மரம்' என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

"அது நூல் லாரி மேடம்."

பிரியங்கா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த வழியாகப் போன மூக்கம்மாளை நிறுத்தினாள். "ஏனுங்க்கா, பிள்ளைகளை எங்க வெச்சிருக்காங்க?"

மூக்கம்மாள் அனுசுயாவைப் பார்த்தாள். அனுசுயா கண்ணாலேயே கெஞ்சினாள். மூக்கம்மாள் விசுவாசமான மனுஷி.

"பிள்ளைன்னு சொல்லக் கூடாதும்மா. அதைப் பத்திப் பேசவே கூடாதுன்னு மைக்குல சொல்லிட்டாக. குடோன்ல போட்டுப் பூட்டியாச்சு. சாவி மேடம்கிட்டதான் இருக்கு."

"பூட்டிட்டீங்களா? காத்தில்லாம, தண்ணியில்லாம?" பிரியங்காவின் முகம் சிவந்துவிட்டது. "இத்தனை தூரம் லாரியில குலுங்கி வந்த பிள்ளைகங்க. முதல்ல தொறங்க."

அனுசுயா சாவியை எடுத்துக்கொண்டு குடோனுக்கு நடந்தாள். வேலை போனால் ஊருக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது என்றுதான் வழியெல்லாம் யோசனை. தென்னம்பிள்ளையால் வேலை போச்சு என்றால் அம்மா அழுவாளா, சிரிப்பாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஷட்டர் ஏறியது. உள்ளே பாலித்தீன் பைகளில் வரிசை வரிசையாகத் தென்னம்பிள்ளைகள், ஓலையை விரித்தபடி நின்றன.

"மேடம், சத்தியமா எல்லாமே தென்னம்பிள்ளைங்கதான். வேற எந்தப் பிள்ளையும் இங்க இல்ல," என்றாள் அனுசுயா. அழுகை வந்துவிட்டது.

பிரியங்கா அவளை விநோதமாகப் பார்த்தாள். "தென்னம்பிள்ளை எனக்குத் தெரியாதுங்களா?"

அப்புறம் அவள் செய்ததெல்லாம் அனுசுயா எதிர்பார்க்காதது. ஒவ்வொரு பையாகத் தொட்டுப் பார்த்தாள். வாடியவற்றைத் தனியே எடுத்து நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். மூக்கம்மாளும் மற்றவர்களும் குடத்தோடு வந்து சேர்ந்தார்கள்.

"ஏம்மா, நாங்க இருக்கிறது லைன் வீடு," என்றாள் மூக்கம்மாள். "வாசல்லகூட சிமெண்டுதான். இதை வாங்கிட்டுப் போய் எங்க வெக்க?"

அது அங்கே நின்ற எல்லோருடைய கேள்வியும்தான். ஊரைவிட்டு வந்து எத்தனையோ பேருக்கு உடுப்புத் தைத்துப் போட்டாயிற்று. ஒரு தென்னை நட இடம் இல்லை. ஹாஸ்டலில் மேல்கட்டிலில் படுக்கிற அனுசுயாவுக்கும் இல்லை.

"பெரிய பையில மாத்தி, மண்ணும் எருவும் போட்டு வெய்யுங்க்கா. கொஞ்ச நாள் அதுலயே வளரும்," என்றாள் பிரியங்கா. "அதுக்குள்ள நட ஒரு எடம் கெடைக்காமலா போயிரும்?"

மூக்கம்மாள் ஒரு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இதுக்காகவாவது ஒரு எடம் பாக்கணும்," என்றாள்.

அனுசுயாவுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. ஆடிட்டரென்றால் பேய் பிசாசு என்று பயமுறுத்தினார்களே, இப்படியும் ஒரு ஆடிட்டரா? கிளம்பும்போது பிரியங்கா அவள் கையைப் பிடித்து, "பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லீங்க. இனிமே பூட்டி மட்டும் வெக்காதீங்க," என்றாள். அனுசுயா கேட் வரைக்கும் கூடவே போய், ஸ்கூட்டர் கண்ணுக்கு மறைகிறவரை கையசைத்தாள்.

"மயில்சாமியண்ணே, ஆடிட் பாஸ்," என்றாள். நாலைந்து நாளாக இல்லாத சிரிப்பு முகத்தில் வந்திருந்தது. "எவ்வளவு தங்கமான ஆடிட்டர், பாத்தீங்களா?"

மயில்சாமி தலைத் துண்டை அவிழ்த்து உதறினார்.

"அந்தம்மிணி பிள்ளை குடுத்த நாத்துப் பண்ணைக்காரிங்க. ஆடிட்டரு காலையிலயே கார்ல வந்தாரில்லீங்க, 'இங்க பிள்ளைக யாராச்சும் இருக்காங்களா'ன்னு கேட்டாரு, 'அதைப் பத்தி யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு அம்மிணி உத்தரவுங்க, எல்லாத்தையும் குடோன்ல போட்டுப் பூட்டியாச்சு'ன்னு நீங்க சொன்னாப்புலயே பக்குவமாச் சொல்லி அனுப்பிட்டனுங்க."