மனிசியை விழுத்திய துவக்கு

நான் ஒரு மடையன். இதை என் மனைவி சொல்லி நீங்கள் அறிவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று நினைக்கிறேன். சாதாரண மடையன் தெரியாத வேலையில் கையை வைத்து, தற்செயலாகக் கெடுப்பான். நான் அந்த வகை அல்ல. தெரியாத வேலையை முறையாகப் பயிற்சி எடுத்து, அக்கறையோடு கெடுப்பவன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நானும் ஜெயந்தியும் ரொறன்ரோவின் டோர்செட் பார்க் பகுதியில் ஒரு அபார்ட்மென்ட் கட்டடத்தில் குடியிருந்தோம். அப்போதெல்லாம் ரொறன்ரோவில் இரண்டு யாழ்ப்பாணத்தவர்கள் சந்தித்தால் ஒரு பழைய மாணவர் சங்கம் தொடங்குவார்கள். மூன்றாமவர் வந்து சேர்ந்தால் அது இரண்டாக உடையும். எங்கள் சங்கம் அப்படி உடைந்ததில் மிஞ்சிய பாதி. பாதியானாலும் ஒவ்வொரு கோடையிலும் விளையாட்டுப் போட்டி வைப்போம். இல்லங்களாகப் பிரித்த அணிகள், கொடிகள், அணிநடை (வயிறுகள் மட்டும் ஒரே வரிசையில் போகும்), தேசிக்காயைக் கரண்டியில் ஏந்தும் ஓட்டம் என்று எல்லாம் ஊரில் நடந்தபடியேதான். ஒரேயொரு குறை. ஓட்டங்களைத் தலைவர் பொன்னுத்துரை அண்ணை விசில் ஊதித் தொடக்குவார். அவருக்கு மூச்சுக் கொஞ்சம் பற்றாது. பாதி விசிலில் பாதிப் பேர் ஓடுவார்கள்.

இதைப் பொறுக்க முடியாமல் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

"விசில் அடிச்சுக் கலைக்கிறதுக்கு இதென்ன ஆட்டுப் பட்டியே? எங்கட பள்ளிக்கூடத்தில துவக்கு வெடிச்சுத்தான் ஓட்டம் தொடங்கினது!"

பலத்த கைதட்டல். கைதட்டி முடித்தவர்கள் துவக்கை வாங்கும் பொறுப்பையும் ஓட்டங்களைத் தொடக்கிவைக்கும் பொறுப்பையும் என்னிடமே தந்தார்கள். சங்கங்களில் கைதட்டலுக்கு வேறு பொருள் கிடையாது.

நான் வேலை செய்த மிசிசாகா தொழிற்சாலைக்குக் கிட்ட ஒரு விளையாட்டுச் சாமான் கடை இருந்தது. அங்கே வாங்கினேன். பார்க்க அசல் கைத்துவக்குப் போல இருக்கும். ஆனால் குண்டு வராது, சத்தம் மட்டும் போடும் வெறுந்தோட்டாதான். (குணத்தில் என்னைப் போன்றது.) கடைக்காரர் நல்ல மனிதர், நெடுநேரம் விளக்கம் சொன்னார். நான் "யேஸ், யேஸ்" என்று தலையாட்டினேன். அன்று என்னுடைய ஆங்கிலக் கொள்கை அது. விளங்காத வசனத்துக்கு ஒரு யேஸ், அறவே விளங்காத வசனத்துக்கு இரண்டு. ஒரு கட்டத்தில் அவர் விசையைத் தொட்டுக் காட்டி, விரலை ஆட்டி, "நெவர், நெவர்" என்றார். அந்த இடத்தில் மூன்று யேஸ் கொடுத்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்த ஜெயந்தி வாசலிலேயே மறித்தாள்.

"இஞ்சாருங்கோ, உந்தத் துவக்கை உள்ள கொண்டு வராதேங்கோ. எங்கட அகதி வழக்கே இன்னும் முடியேல்லை. துவக்கோட பிடிபட்டா நேரா பிளேன்தான்."

"இது விளையாட்டுத் துவக்கு. நீர் பயப்படாதையும்."

"அப்ப வீட்டுக்குள்ள ஒரு வெடியும் வெடிக்கக் கூடாது."

ஒப்புக்கொண்டேன். வெடித்துப் பார்க்காமலே வெடிக்கும் என்று நம்பினேன்.

இங்கே ஜெயந்தியின் விஷயத்தைச் சொல்ல வேண்டும். திருமணமான பெண்களின் நூறு மீட்டர் ஓட்டத்துக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் உண்டு. தொடர்ந்து மூன்று வருடம் வெல்பவருக்கு அது நிரந்தரமாகச் சொந்தம். முந்திய இரண்டு வருடமும் வென்றவள் ராஜி. எங்கள் மாடியிலேயே கடைசி வீடு. டீவிக்கு மேலே கிண்ணம், கிண்ணத்துக்கு அடியில் பின்னல் விரிப்பு. போகும்போதெல்லாம் ஜெயந்தியின் கண் அங்கேதான் நிற்கும். ஜெயந்தி பள்ளிக் காலத்தில் மாவட்ட மட்டத்தில் ஓடியவள்.

"ராஜி ஓடி வெல்லேல்லை," என்பாள். "எழும்பி வெல்லுறா. எனக்கு அந்த முதல் எழும்பல்தான் பிந்துது. இந்த முறை விட்டனெண்டா கிண்ணம் போச்சு."

கணவன் எதற்கு இருக்கிறான்? உடனே பயிற்சியாளர் ஆனேன். கட்டடத்தின் நீண்ட நடைபாதையில், லிஃப்ட் வாசலில் ஜெயந்தி குந்தியிருப்பாள். நான் பின்னால் நின்று தோட்டா போடாத வெறுந்துவக்கை மேலே நீட்டி விசையை அமத்துவேன். டிக். அவள் பாய்வாள். தினமும் மாலையில் டிக், டிக், டிக். உடுப்புக் கூடையோடு வந்த கயானாக்காரப் பெண்ணொருத்தி சுவரோடு ஒட்டி நின்று, கைகளைத் தூக்கிவிட்டாள். கோடை வருவதற்குள் ஜெயந்திக்கு அந்தச் சத்தம் காதால் கேட்டுக் காலுக்குப் போகவேண்டிய தேவையே இருக்கவில்லை. நேராகக் காலுக்கே கேட்டது.

போட்டி நாள். புதுத் துவக்கின் முதல் வெடி என் மனைவியின் ஓட்டத்துக்கே என்று நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே மாற்றி வைத்திருந்தேன். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைத் தொப்பி, ஒரு காதில் பஞ்சு, துவக்குக்குள் தோட்டா. எட்டுப் பெண்கள் கோட்டில் குந்தினார்கள்.

"ஓன் யுவர் மார்க்ஸ்! கெட் செற்!"

டிக்.

ஏழு பேர் அப்படியே இருந்தார்கள். ஒருத்தி பறந்தாள். ஜெயந்தி நூறு மீட்டரையும் ஓடி, நாடாவை நெஞ்சால் அறுத்து, இரண்டு கைகளையும் உயர்த்தித் திரும்பிப் பார்த்தபோது மைதானத்தில் அவள் மட்டும்தான் ஓடியிருந்தாள்.

"ஃபோல்ஸ் ஸ்டார்ட்!" என்று முதலில் கத்தியவன் ராஜியின் கணவன் சிவா.

ஜெயந்தி மூச்சிரைக்கத் திரும்பி நடந்து வர, என்னைச் சுற்றி ஆண்கள் கூடிவிட்டார்கள். ஊரில் துவக்குச் சத்தம் கேட்டு ஓடியவர்கள் எல்லோரும் இங்கே துவக்கு நிபுணர்கள். ஒருவர் தோட்டாவை மாற்றச் சொன்னார், மாற்றினேன். ஒருவர் தொடையில் தட்டச் சொன்னார், தட்டினேன். நான் குழலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன்.

"டேய், உதுக்குள்ள என்னத்தைப் பார்க்கிறாய்? படமே ஓடுது?" என்று பொன்னுத்துரை அண்ணை என் கையைத் தட்டிவிட்டார்.

"இறுகிப் போச்சு, எண்ணெய் விட வேணும்" என்றது ஒரு குரல். அந்த மைதானத்தில் எண்ணெய் இருந்த ஒரே இடம் வடைக் கடை. ஒரு கரண்டி எடுத்துவந்து தாராளமாக விட்டோம். துவக்கிலிருந்து பெருஞ்சீரக வாசம் வந்தது.

மறுபடியும் கோடு. ஜெயந்தி என்னைப் பார்த்தாள். நான் நம்பிக்கையூட்டும் விதமாகத் தலையசைத்தேன்.

"கெட் செற்!"

டிக்.

பாவம், அவள் என்ன செய்வாள்? கால் போய்விட்டது. இந்த முறை பாதித் தூரத்தில் நின்று தலையில் கை வைத்தாள்.

"ரெண்டு ஃபோல்ஸ் ஸ்டார்ட்," என்றான் சிவா. "வெளியில விட வேணும். இல்லாட்டி ஸ்டார்ட்டரின்ர மனிசிக்கெண்டு தனிச் சட்டமோ?"

பொன்னுத்துரை அண்ணை நியாயமான மனிதர். "துவக்கு வெடிக்கேல்லைத் தம்பி. வெடிக்காட்டி அது தொடக்கமே இல்லை. பிழை துவக்கில, பிள்ளையில இல்லை. அவவை ஓட விடும்."

திறந்த கதவு. நடந்து போக வேண்டியதுதான் பாக்கி. ஆனால் முந்நூறு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், தலையில் வெள்ளைத் தொப்பி வேறு. நீதி என்னும் பேய் எனக்குள் புகுந்தது.

"இல்லை அண்ணை," என்றேன், பின்வரிசைக்கும் கேட்கும்படி. "எனக்கு மனிசியும் ஒண்டுதான், மற்றவையும் ஒண்டுதான். ஜெயந்தி டிஸ்குவாலிஃபைட்!"

பலத்த கைதட்டல். நான் தொப்பியைச் சரிசெய்தேன். ஜெயந்தி சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மர நிழலுக்குப் போனாள்.

மூன்றாம் முறை விசையை அமத்தினேன். டுமீல்! அப்படியொரு வெடி. பார்வையாளரில் பாதிப் பேர் பழைய பழக்கத்தில் நிலத்தோடு படுத்தார்கள். மற்றப் பாதிப் பேர் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள், தாங்களும் படுத்தபடியே. இந்த அமளியில் ராஜி எழும்பினாள், ஓடினாள், வென்றாள். கிண்ணம் பின்னல் விரிப்பிலேயே குடியேறிவிட்டது.

அடுத்த வாரம் துவக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஜெயந்தியும் வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். கடைக்காரர் கழற்றிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, நீளமாக ஏதோ சொன்னார். ஜெயந்தி நிதானமாக மொழிபெயர்த்தாள்.

"தோட்டா இல்லாமல் சும்மா சும்மா அமத்தினா, உள்ளுக்க அடிக்கிற ஊசி மொட்டையாப் போகுமாம். பிறகு தோட்டாவில சரியா அடிக்காதாம். நெவர், நெவர் எண்டு தான் உங்களுக்கு வடிவாச் சொன்னவராம். நீங்களும் யேஸ் எண்டனீங்களாம்."

நான் துவக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நடைபாதை டிக்குகள் எல்லாம் வரிசையாக என் காதுக்குள் ஓடின. துவக்கைக் கெடுத்ததும் அதுதான். வெடிக்காத துவக்குக்கு ஓடும்படி அவளைப் பழக்கியதும் அதுதான்.

"மற்றது, உதுக்குள்ள ஏன் வடை மணக்குது எண்டு கேக்கிறார்."

"யேஸ்" என்றேன்.

அதன் பிறகு எத்தனையோ நடந்துவிட்டது. அகதி வழக்கு வென்றது, மார்க்கம் நகரில் வீடு வாங்கினோம், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஆனாலும் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சொந்தக்காரர் யாராவது புது மாப்பிள்ளையிடம் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துவார்கள்: "இவர்தான் தம்பி, வெடிக்காத துவக்கால தன்ர மனிசியையே விழுத்தினவர்." பிள்ளைகளும் தங்கள் சிநேகிதர்களுக்கு இதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்கள். ஆங்கிலத்தில் நான் இன்னும் மோசமாக இருக்கிறேனாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இவ்வளவு காலம் போய்விட்டதே என்ற தைரியத்தில், சோபாவில் இருந்த ஜெயந்தியிடம் மெல்லக் கேட்டேன்.

"எல்லாம் சரி ஜெயந்தி. அண்டைக்கு உம்மை விட்டிருந்தா ஊர் என்ன சொல்லியிருக்கும்? நான் நடுநிலையா நிண்டது சரிதானே, என்ன?"

அவள் டீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சோறு குக்கருக்குள்ள இருக்கு, நீங்களே போட்டுச் சாப்பிடுங்கோ."