பார்க்கலாம் என்று நான் சொன்னதற்குப் பொருள்

பெருமதிப்பிற்குரிய மைத்துனரும் பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவின் இயக்குநருமான மச்சான் அவர்களுக்கு, உங்கள் அக்காவைக் கட்டிக்கொண்டு, கயிறும் தார்ப்பாயும் விற்றுப் பிழைக்கும் அத்தான் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். உடம்பளவில் என்று தைரியமாகச் சொல்வதற்கு உங்கள் மருத்துவத் துறையே எனக்கு வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறது. அங்கே உங்கள் வீட்டாரும், உங்கள் முதுகுவலியும், உங்களிடம் ஊக்கத்தொகை கேட்டு வாசலில் நிற்கும் மாணவர்களும் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்தால் மகிழ்ச்சி.

போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். போனில் பிடித்தால் "அத்தான், மீட்டிங்ல இருக்கேன்" என்பீர்கள். அதோடு, நான் வாயால் சொன்ன ஒரே ஒரு சொல்லால்தான் இவ்வளவும் நடந்திருக்கிறது. அதனால் இனி முக்கியமானது எதையும் வாயால் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மொழியியல் மாணவன் சனிக்கிழமை ரயிலேறி, எங்கேயோ இருக்கும் வேறு பல்கலைக்கழகத்தில் வேலைக்குப் போகிறான். அவன் ரயிலேறுவதற்குள் அவனிடம் ஒரு சேதி போய்ச் சேர வேண்டும். என் மகளை அவனுக்குக் கொடுக்க நான் மறுக்கவில்லை. நான் சம்மதித்தேன். நான் சம்மதித்தது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை என்பதுதான் என் குற்றம்.

இதற்கெல்லாம் தொடக்கம் நீங்கள்தான் மச்சான், கோபித்துக்கொள்ளாதீர்கள். "அத்தான், உங்க கடை ஒரு சுரங்கம், என் பசங்க நாலு பேர் வந்து ஓரமா உக்காந்துட்டுப் போகட்டும்" என்று கேட்டீர்கள். வெறுமனே உட்காருவதற்குக் கடையில் கயிற்றுச் சுருள்கள் இருக்கின்றனவே என்று நானும் விட்டுவிட்டேன். முதலில் வந்தவன் இந்தப் பையன். சட்டைப்பையில் ஒலிப்பதிவுக் கருவி, கையில் பேனா. யார் பேசினாலும் கருவியை நீட்டுவான். கடையில் சுமை தூக்குபவர்கள் அவனுக்கு 'மைக்கு' என்று பேர் வைத்துவிட்டார்கள். வியாபாரிகள் 'இல்லை' என்ற சொல்லைச் சொல்லாமலே எப்படி இல்லை என்கிறார்கள் என்பது அவன் ஆராய்ச்சி. நான்தான் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன். "தம்பி, நல்லா கேட்டுக்க. இந்தத் தெருவுல ஒருத்தர் 'பார்க்கலாம்'னு சொன்னா, அவர் பார்க்கவே மாட்டார். மூட்டையைக் கட்டிட்டுக் கிளம்பிடணும். 'முடியாது'ன்னு சொன்னாத்தான் உக்காந்து பேசணும், அங்க இன்னும் இடம் இருக்கு." அவன் கண்ணெல்லாம் விரிந்து எழுதிக்கொண்டான். எழுதட்டுமே, எழுத்துக்கு என்ன வாடகையா கேட்கிறேன் என்று நினைத்தேன். அடுத்து நிதித் துறையிலிருந்து கழுத்தில் டை கட்டிய ஒருவர் வந்தார். நான் வாங்க நினைக்கும் சரக்கைக் குறை சொல்கிறேன், வேண்டாத சரக்கைப் புகழ்ந்து அனுப்புகிறேன் என்று கண்டுபிடித்து அதற்கு ஒரு கோடும் வளைவும் போட்டார். ரொம்பச் சரி. நூலைத் தொட்டுப் பார்த்து "என்னங்க இது, கையில உதிருது" என்றேன் என்றால் அதை நான் எடுக்கப் போகிறேன் என்று அர்த்தம். பிறகு மருத்துவத் துறை. நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் என் வயதுக்காரர்களின் இதயத்தை ஆராய்கிறார்களாம். நெஞ்சில் ஒட்டுப்போட்டு ஒரு சின்னப் பெட்டியைத் தொங்கவிட்டார்கள். தூக்கத்தில் புரண்டால்கூட அது குறித்துக்கொள்ளும், மாதக்கணக்கில் கழற்றவும் கூடாதாம். கடைசியாகச் சமூகவியல் துறைப் பெண் வீட்டுக்கே வந்து, "வீட்டில் இறுதி முடிவு யாருடையது?" என்று கேட்டாள். "என்னுடையதுதான்" என்றேன். சமையலறையிலிருந்து உங்கள் அக்கா இருமினாள். அந்தப் பெண் "மனைவி மறுக்கவில்லை" என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். மச்சான், அந்த இருமல்தான் மறுப்பு. அதைக் கேட்டு வளர்ந்த உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் துறைக்குத் தெரியவில்லை.

இப்படி நாலு பேரும் என்னை நாலு பக்கமாகப் பிரித்து எடுத்துப் போன பிறகுதான் அந்த நாள் வந்தது. மதியம், கடையில் கூட்டமில்லை. பையன் வந்தான். கையில் கருவி இல்லை. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. மகள் மேலே சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் இவனும் படிக்கட்டில் நின்று பேசுவதை, அவள் சிரிப்பதை, நான் பார்க்காதவன் மாதிரிப் பலநாள் பார்த்திருக்கிறேன்.

"ஐயா, ஒரு விஷயம் பேசணும்."

"சொல்லு தம்பி."

"உங்க பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படுறேன். அவங்கதான் உங்களைக் கேக்கச் சொன்னாங்க."

மச்சான், அவனை எனக்குப் பிடித்திருந்தது. படித்தவன், சிகரெட் வாடை கிடையாது, என் கடைத் தூசியில் நாள் கணக்கில் உட்கார்ந்து ஒரு தும்மலுக்குக்கூட மன்னிப்புக் கேட்டவன். மனதுக்குள் அப்போதே சரி சொல்லிவிட்டேன். ஆனால் அந்தச் 'சரி' வெளியே வரவில்லை. பிடித்த சரக்கைப் பார்த்தவுடன் முகத்தில் காட்டக்கூடாது என்பது ஒன்று. அது எலும்பில் ஊறிப்போன பழக்கம். இன்னொன்றை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். மேலே அவள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஒரு சொல் சொன்னால் அந்த நாற்காலி காலியாகிவிடும். கொஞ்சம் பொறு என்று யாரிடமோ சொல்லத் தோன்றியது. யாரிடம் என்று தெரியவில்லை. வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்.

"பார்க்கலாம் தம்பி."

பையன் முகம் வெளுத்துவிட்டது. அவன் பயப்படுகிறானே என்று ஆறுதலாக நாலு நல்ல வார்த்தை சொன்னேன். "உன்னை மாதிரி ஒரு தங்கமான பையனைப் பாக்கவே முடியாது. உன் குணத்துக்கு நீ எங்க போனாலும் நல்லா இருப்ப" என்று முதுகில் தட்டிக் கொடுத்து, டீயும் வரவழைத்தேன். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்து நின்று, "ரொம்ப நன்றிங்கய்யா, தெளிவா சொல்லிட்டீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். எவ்வளவு சூட்டிகையான பையன், சொல்லாமலே புரிந்துகொண்டானே என்று நான் பூரித்துப் போனேன். வீட்டுக்கு வந்து உங்கள் அக்காவிடம், "ஒரு நல்ல காரியம் முடிஞ்சது" என்றேன். முடிந்துதான் போயிருந்தது.

அவன் நேரே போய் நாலு துறையிலும் விசாரித்திருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. அவன் ஆராய்ச்சியின்படி பார்க்கலாம் என்றால் இல்லை. நிதித் துறைப்படி, புகழ்ந்து டீ கொடுத்தால் சரக்கு வேண்டாம். மருத்துவத் துறைப் பெட்டியைப் பார்த்தால் அந்த நிமிடத்தில் என் இதயம் மலை மாதிரி எகிறியிருக்கிறது. கடும் கோபம் என்று சொல்லிவிட்டார்கள். சமூகவியல்படி அந்த வீட்டில் அப்பா சொன்னதுதான் முடிவு, அப்பீல் கிடையாது. நாலு துறை ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது உங்கள் பல்கலைக்கழக வரலாற்றிலேயே இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நீங்கள் போன் செய்து "அத்தான், பையனை ஏன் இப்படி நொறுக்கிட்டீங்க?" என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். நிதித் துறை டைக்காரரிடம் "நான் சம்மதம்னுதான் சொன்னேங்க" என்றேன். "ஐயா, அடுத்த நாள் இறங்கி வர்றதும் உங்க முறையில இருக்கு, அதுக்கும் படம் போட்டிருக்கோம்" என்றார். மருத்துவத் துறையில், "வாய் என்ன வேணா சொல்லும், இதயம் பொய் சொல்லாதுங்க" என்று பெட்டியைக் காட்டினார்கள். அது சந்தோஷத்திலும் துள்ளுமே என்றேன். சந்தோஷத்தை ஆராய அவர்கள் இன்னும் அனுமதி வாங்கவில்லையாம். சமூகவியல் பெண் என்னை 'குடும்ப அழுத்தத்தால் மனம் மாறியவர்' பிரிவில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னாள். என் மனதில் இருந்ததற்கு நான்தானே சாட்சி என்று கத்தினேன். "ஒருத்தர் மட்டும்னா முடிவுக்கு வர முடியாதுங்க" என்றார்கள். பையனோ அறையைப் பூட்டிக்கொண்டு போனை அணைத்துவிட்டான். வாசலில் நின்று நான் கூப்பிட்டதற்கு, "பரவாயில்லீங்கய்யா, நீங்க என்னைச் சமாதானப்படுத்த வேண்டியதில்ல" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பதில். அவ்வளவு மரியாதையாக ஒருவன் என்னை அவமானப்படுத்தியதில்லை.

வீட்டு நிலைமை அதைவிட மோசம். உங்கள் அக்கா, "ஊருக்கெல்லாம் கயிறு விக்கிறீங்க, ஒரு வார்த்தையை ஒழுங்கா முடிச்சுப் போடத் தெரியல" என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து என்னிடம் பேச வேண்டியதைச் சுவரைப் பார்த்துப் பேசுகிறாள். மகள் சுவரோடுகூடப் பேசுவதில்லை. தட்டில் போட்டது அப்படியே இருக்கிறது. கிட்டங்கியில் தார்ப்பாய்க் கட்டுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறாள். நேற்று பக்கத்தில் போய், "அம்மா, நான் வேணாம்னு சொல்லலடா" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "விடுங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். மச்சான், ஒன்றுமில்லாமல் தோளில் கயிறு சுமந்து வந்தவன் நான். லாரியோடு சரக்கு நனைந்து போனபோதும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினவன். அந்த 'விடுங்கப்பா'வுக்குப் பிறகு எனக்குத் தூக்கமில்லை. பேரத்தில் ஜெயிக்கக் கற்றுக்கொண்ட ஆள், பேரம் இல்லாத இடத்தில் என்ன பேசுவது என்று கற்றுக்கொள்ளவே இல்லை. 'சரி' என்பது எவ்வளவு சின்னச் சொல். அதை அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அவள் சிரித்துக்கொண்டே கீழே இறங்கி வந்திருப்பாள்.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். நீங்கள் அவனுடைய ஆசிரியர், நீங்கள் சொன்னால் கதவைத் திறப்பான். ரயிலடிக்கே போனாலும் சரி, போய், "அத்தான் அன்றைக்குச் சொன்னது சம்மதம்தான், அதை அவர் தப்பாகச் சொல்லிவிட்டார்" என்று சொல்லி, கையோடு அழைத்து வாருங்கள். உங்கள் ஆராய்ச்சிப் பத்திரிகையின் அடுத்த இதழில் ஒரு திருத்தமும் போடுங்கள். பார்க்கலாம் என்பது சில நேரம் ஒரு தகப்பனுக்கு மூச்சு முட்டுவதாலும் வரும் என்று. ஆதாரம் வேண்டுமென்றால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

உங்கள் முதுகுவலி குறையட்டும். உங்கள் துறைகள் நான்கும் செழித்து, வேறு யார் கடையிலாவது போய் உட்காரட்டும். உங்கள் வீட்டாருக்கு என் அன்பும், குழந்தைகளுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
வாய் தவறிய அத்தான்

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். ரயிலடிக்குப் போகவே வேண்டாம். உறைமேல் உங்கள் துறையின் முகவரியைச் சரியாக எழுதச் சொல்லி இதை மகளிடம் கொடுத்தேன். அவள் அப்படியே நின்று முழுக்கப் படித்துவிட்டு, தார்ப்பாய்க் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, அவர் முதல்ல என்னைத்தான் கேட்டார். எனக்கு விருப்பமில்ல. ஆனா வேணாம்னு சொல்ல வாய் வரல. எங்கப்பாவைக் கேளுங்கன்னு சொல்லிட்டேன். நீங்க முதல் தடவையே எதுக்கும் சரி சொல்ல மாட்டீங்கன்னு தெரியும்ல" என்கிறாள். பிறகு ஏன்டா இத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்றேன். "நான் பண்ணினதுக்கு எல்லாரும் உங்களைப் போட்டு மிதிக்கிறாங்க. சொல்லவும் தைரியம் வரல, பாக்கவும் முடியல" என்கிறாள். எவ்வளவு நல்ல பையன் என்றேன். "நல்லவர்தான்ப்பா. ஆனா நான் பேசினா அவர் கேக்கிறதில்ல, குறிச்சுக்கிறார். ஒரு நாள் நான் சிரிச்சதுக்கு அது என்ன வகைச் சிரிப்புன்னு கேட்டார்" என்கிறாள். நாலு துறையும், நீங்களும், உங்கள் அக்காவும், நானும் இவ்வளவு ஆராய்ந்தோம். இவளை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆகவே அவனிடம் அத்தான் மறுத்தது உண்மைதான் என்றே சொல்லிவிடுங்கள். ஒரு பொல்லாத வியாபாரி மறுத்தான் என்று நினைத்துக்கொண்டு போனால் அவனுக்கு ஆறுவது சுலபம். பழி என்னோடு இருக்கட்டும், இதைவிடப் பெரிய பாரமெல்லாம் இந்தத் தோள் சுமந்திருக்கிறது. எனக்கு வருத்தமெல்லாம் அவனை இழந்ததில்லை. இத்தனை நாளும் பக்கத்திலேயே இருந்து இவள் மௌனத்தை நானும் எனக்குத் தோன்றியபடியே படித்துக்கொண்டிருந்தேனே, அதுதான். இவள் இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறாள். எனக்குத் தெரியாத விஷயங்கள் இன்னும் நிறைய வைத்திருக்கிறாள் போல. "அப்பா, நான் சொல்லிட்டிருக்கேன், நீங்களும் எழுதிட்டே இருந்தா எப்படி? பேனாவைக் கீழ வைங்க" என்கி