துக்கம் விசாரிக்கும் சுற்றுலா

தனியாக வெளிநாடு போக நினைக்கும் பெண்களுக்கு இணையத்தில் ஆயிரம் யோசனைகள் சொல்கிறார்கள். பாஸ்போர்ட்டை நகல் எடுத்து வைத்துக்கொள், கைப்பையைக் குறுக்காக மாட்டிக்கொள், அந்த ஊர் அவசர எண்ணை மனப்பாடம் செய்துகொள். இதையெல்லாம் எழுதிய புண்ணியவதிகளில் ஒருத்திக்குக்கூட என் அத்தை மாதிரி ஓர் அத்தை இருந்திருக்க முடியாது. இருந்திருந்தால், ‘போகிற நாட்டில் உன் உறவுக்காரர்கள் யாராவது செத்திருக்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள்’ என்றுதான் ஆரம்பித்திருப்பார்கள்.

நான் பார்க்கவில்லை. அப்போது முப்பதைத் தாண்டியிருந்தேன். பாண்டிச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. (மாணவர்களின் பெயரில் பிழை இருந்தால் கண்டுபிடித்துவிடுவேன். என் தலையில் விழப்போவது மட்டும் கண்ணுக்குத் தெரியாது.) மதியச் சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து, பிரான்சில் இரண்டு வாரத்துக்குத் திட்டம் போட்டேன். அவசரமே இல்லாத, ஆனால் அலுக்காத பயணம். பாரிசில் சில நாள் கால் போன போக்கில் நடப்பது. லியோனில் சாப்பிடுவது. அங்கிருந்து ஒரு மலை ரயில். கடைசியில் நீஸ் நகரக் கடற்கரையில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு சும்மா இருப்பது.

பாண்டிச்சேரிக்காரி கடலைப் பார்க்க பிளேன் ஏறுவானேன் என்று கேட்பீர்கள். நம்ம கடற்கரையில் ஒரு பெண் தனியாகப் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். தெரிந்தவர் யாராவது வந்து, “ஏன் தனியா உக்காந்திருக்க, வீட்ல எதனா சண்டையா?” என்று கேட்டுவிடுவார். யாரும் எதுவும் கேட்காத ஓர் இடத்தில் கொஞ்ச நாள் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆனால் அது ரொம்ப வேண்டியிருந்தது.

அம்மா நான் சின்னவளாக இருந்தபோதே போய்விட்டார். வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பா மில்லில் தறி ஓட்டியவர். மில்லை மூடிய பிறகு உப்பளம் பகுதியில் ஓர் அலுவலகத்தில் இரவுக் காவல். தறிச் சத்தத்தில் பாதிக் காது போயிருந்ததால், பகலில் போர்த்திக்கொண்டு படுத்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். விசா வந்த அன்று அவரிடம் சொன்னேன். “போய்ட்டு வாம்மா, அங்க குளுருமே, சொட்டர் வெச்சிருக்கியா?” என்று மட்டும் கேட்டார். நானும் முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் காலை அஞ்சலை அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. அடுத்த தெருவில் குடியிருப்பவர்.

“பிரான்சுக்குப் போறியாமே. நல்லதாப் போச்சு. அங்க நமக்கு மூணு சாவு பாக்கி இருக்கு” என்றார்.

எங்கள் பக்கத்தில் சாவுக்குப் போக முடியவில்லை என்றால், அது கழிந்துபோன விஷயமாகிவிடாது. எத்தனை வருடம் ஆனாலும் நேரில் போய்த் துக்கம் விசாரிக்க வேண்டும். அதுவரை அந்த வீட்டோடு நல்லது கெட்டது எதுவும் கிடையாது. அப்பாவுக்கும் அத்தைக்கும் மூத்தவரான என் பெரியப்பா, இளம் வயதிலேயே பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து (எங்கள் பேச்சில் ‘சொல்தா’) பாரிசுக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டவர். அவர் இறந்தபோது எங்களில் ஒருவருக்கும் பாஸ்போர்ட்கூடக் கிடையாது. “கூடப் பொறந்தவன் செத்ததுக்கு பாண்டிச்சேரியிலேர்ந்து ஒரு ஈ காக்கா வரல” என்று சொன்ன பெரியம்மா, அன்றோடு எங்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

இப்போது குடும்பத்தின் முதல் ஈ காக்காவாக நான் கிளம்புகிறேன்.

ஒரே வாரத்தில் என் பயணத் திட்டத்தை அத்தை சீர்படுத்திவிட்டார். பாரிசில் பெரியப்பா, மாரடைப்பு. லியோனில் ஒரு சித்தப்பா முறை, கார் விபத்து. நீஸ் போகிற வழியில் அத்தையின் நாத்தனார் மகன், மஞ்சள் காமாலை. செவ்வாய், வெள்ளிகளில் துக்கம் விசாரிக்கக் கூடாது என்பதால் அந்த நாள்களில் மட்டும் நான் ஊர் சுற்றிக்கொள்ளலாம். மலை ரயில் அடிபட்டுப் போனது. அந்த மலைப்பக்கம் நம்மவர்கள் யாரும் சாகவில்லை.

“எனக்கு இதெல்லாம் வராது அத்தை, நான் ஊர் பாக்கத்தான் போறேன்” என்று ஒரு தடவை துணிந்து சொல்லிப் பார்த்தேன். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் இன்னொரு தடவையும் சொல்லியிருப்பேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் சாவுக்கு அவர் அழுது நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தை வந்து, “நீ அங்க போயி எப்படி அழுவ, காட்டு” என்றார்.

“பெரியம்மா கையப் பிடிச்சிக்கிட்டு ‘சாரி’ன்னு சொன்னாப் போதாதா?”

“சாவு வீட்ல சாரியா? அவ காலை மிதிச்சிட்டியா இன்னா?”

எனவே ஒத்திகை. அப்பா இரவு வேலை முடிந்து வந்து உள்ளறையில் தலையோடு போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தார். தெருவில் யாராவது பார்த்தால் மானம் போய்விடும் என்று வாசல் கதவை நானே தாழ்போட்டேன். (மானத்தைக் காப்பாற்ற நான் எடுத்த ஒரே நடவடிக்கை அது.) அத்தை கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு பெரியம்மாவாகச் சுவரோரம் உட்கார்ந்தார். வந்ததும் வணக்கம் சொல்லக் கூடாது. நேராகப் போய் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, உறவைச் சொல்லி அழ வேண்டும். எழுந்து வரும்போது ‘போய்ட்டு வரேன்’ என்று வாய் தவறியும் சொல்லிவிடக் கூடாது.

கட்டிக்கொண்டேன். அழுதேன்.

“பூனை முக்குற மாதிரி இருக்கு. எம் பேரைக் கெடுத்துடுவ போல. இப்படி அழுவணும்” என்று அத்தை ஆரம்பித்தார். “என் கூடப் பொறந்த ராசா... ஒம் மொகத்தக்கூடப் பாக்கலியே... கடலத் தாண்டிப் போயி ஒண்டியாக் கெடந்தியே...”

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அத்தை நடிக்கவில்லை என்பது சில வரி கழித்துத்தான் புரிந்தது. பெரியப்பாவின் அடக்கத்தை நாங்கள் போனில்தான் பார்த்தோம். பெட்டியைத் தூக்கும்போது சிக்னல் போய், பெட்டி அந்தரத்திலேயே நின்றுவிட்டது. அத்தைக்குள்ளும் அது அப்படியே நின்றிருக்கிறது. மார்பில் அடித்துக்கொண்டு அவர் கதறக் கதற எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஒத்திகை என்பதை மறந்து, இருவரும் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதோம். யாரோ கதவை இடிப்பது வெகுநேரம் காதில் விழவில்லை.

கதவைத் திறந்தால் வாசலில் தெருவே நிற்கிறது. முன்னால் எதிர்வீட்டு ராஜவேலு அண்ணன், கையில் ரோஜா மாலை. ஆட்டோ ஓட்டுகிறவர். தெருவில் சாவு என்றால் யாரும் கேட்காமலே பொறுப்பை எடுத்துக்கொள்வார். அவருக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

“இல்லண்ணே... அப்பாவுக்கு ஒண்ணும்...” என்றேன். விம்மலில் மீதி வரவில்லை.

“நம்பத்தாம்மா முடியாது. நேத்துகூட எங்கிட்ட பேசிக்கிட்டிருந்தாரு. மனசத் தேத்திக்க” என்று என் தலையைத் தடவிவிட்டு, அவர் நேராக உள்ளறைக்குப் போனார். போர்வைக்கு மேல், மார்புப் பக்கமாகப் பார்த்து, மாலையைப் பக்குவமாகச் சாத்தினார்.

ஈரம் பட்டதும் அப்பா விழித்துக்கொண்டார். போர்வையை விலக்கினார். மாலையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

“இன்னா ராஜவேலு, எனக்கு எதுக்கு மாலை?”

அறைக்குள் அழ ஆரம்பித்திருந்த ஒரு பெண்மணி பாதியில் நிறுத்தி, சுவரோடு ஒட்டிக்கொண்டார். ராஜவேலு அண்ணனின் முகம்தான் பிணம் மாதிரி வெளுத்துப் போயிருந்தது. என்ன நடந்தது என்று நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் என் போன் அடித்தது. வெளிநாட்டு எண். எங்கள் கதவை இடித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே அண்ணன் தெரு வாட்ஸ்அப் குழுவில் ‘ஏழுமலை அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று அப்பாவின் படத்தோடு போட்டிருந்தார். அதை யாரோ எங்கள் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப, அது கடலையும் தாண்டிவிட்டது.

“அலோ... அலோ... செல்வி! உங்கப்பனும் பூட்டானாடி!” பல வருடம் பேசாமலிருந்த பெரியம்மாவின் குரல். “பெரியம்மா...” என்பதற்குள் அப்பா கையை நீட்டிப் போனை வாங்கினார். மாலை இன்னும் மடியில் கிடந்தது.

“அண்ணி, நான்தான்.”

“யாரு?”

“ஏழுமலதான் அண்ணி. தூங்கிட்டிருந்தேன்.”

பெரியம்மா தமிழிலும் பிரெஞ்சிலும் மாற்றி மாற்றித் திட்டியது வாசல்வரை கேட்டது. “பாவி, அவரு செத்தப்பதான் வரல. இப்ப நீ செத்துட்டதாச் சொல்லி என்னை அழ வெக்கிறியா?”

“அவருக்கு நான் இன்னும் அழவே இல்ல அண்ணி” என்றார் அப்பா. சொல்லிவிட்டு அழுதார். அந்தப் பக்கம் பெரியம்மாவும் அழுதார். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. நாற்காலிகள்தான் போட்டாகிவிட்டதே என்று உட்கார்ந்து, பார்த்தே இராத என் பெரியப்பாவுக்குத் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். ராஜவேலு அண்ணன் எல்லோருக்கும் டீ சொன்னார்.

பேசி முடிக்கும்போது பெரியம்மா, “அந்தப் பொண்ணு இங்க வந்து அழுவ வேணாம். ஊரச் சுத்திப் பாத்துட்டுப் போவட்டும்” என்று சொல்லிவிட்டார். மலை ரயில் எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் நான் போகவில்லை. சகுனம் பார்ப்பவர்களைக் கிண்டல் செய்தே வளர்ந்தவள் நான். போர்வை மேல் கிடந்த அந்த மாலையைப் பார்த்த பிறகு, அப்பாவை விட்டுவிட்டு விமானம் ஏற எனக்குப் பயமாக இருந்தது. “என்னைச் சாக்கா வெச்சிக்காத செல்வி, போ” என்று அவர் கோபித்தும் டிக்கெட்டை ரத்து செய்தேன்.

அடுத்த வருடம், வேலை முடிந்து வந்து படுத்த அப்பா எழுந்திருக்கவே இல்லை. தொட்டுப் பார்த்தேன். கத்தினேன். அத்தை ஓடிவந்து என்னோடு கத்தினார். கதவு அகலத் திறந்து கிடந்தது. ஒருவரும் வரவில்லை. நெடுநேரம் கழித்து ராஜவேலு அண்ணன் மட்டும் வெறுங்கையோடு வாசலில் நின்று, உள்ளே வரத் தயங்கிக்கொண்டே கேட்டார்.

“செல்வி... இது நெஜமாம்மா?”

தலையாட்டினேன். அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிரான்சுக்கு நானேதான் போன் செய்தேன். “பெரியம்மா, அப்பா போயிட்டாரு” என்றேன். அவர் சிரித்தார். “இந்தத் தடவ நான் ஏமாற மாட்டேன். போனை அவன்கிட்ட குடு” என்றார். நான் போனைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் நின்றேன். “குடுடி” என்றார் மறுபடியும். பிறகு அவருக்கே புரிந்துவிட்டது.

அதற்கப்புறம் ஒருநாள் தனியாகத்தான் கிளம்பிப் போனேன். மலை ரயிலில் ஏறினேன். நீசில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நினைத்தபடியே யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் நாளே அது தாங்காமல், ரயிலைப் பிடித்துப் பெரியம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் கதவைத் திறந்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் எங்கள் குடும்பத்தில் சாவுச் செய்தி சொல்பவர்கள், பெயரைச் சொன்ன கையோடு “ஒத்திகை இல்ல” என்று சேர்த்துச் சொல்கிறார்கள். கேட்பவர்கள் சட்டென்று சிரித்துவிட்டு, பிறகுதான் அழ ஆரம்பிக்கிறார்கள்.