வினாக்கொத்தில் காணாமல் போன வள்ளங்கள்

கண்முன்னால் நிற்கிற வள்ளத்தை எண்ணத் தெரியாதவளுக்கும் முதுமாணிப் பட்டம் கொடுக்கிறார்கள். அதற்கு நானே சாட்சி.

என்னுடையது கலப்பு முறை ஆய்வு. (அதை அப்போது நான் சொன்ன தோரணைக்கு, கேட்டவர்கள் அடிக்காமல் விட்டதே பெரிய விஷயம்.) கற்பிட்டிப் பக்கம் மாமாவின் ஊரில், முதலில் நாற்பது மீனவர் வீடுகளில் வினாக்கொத்து நிரப்புவது. பிறகு அவர்களில் பத்துப் பேரோடு ஆறுதலாக இருந்து கதைத்துப் பதிவு செய்வது. எண்ணிக்கையைக் கதை உறுதிப்படுத்தும் என்று முன்மொழிவில் அழகாக எழுதியிருந்தேன்.

கையில் ஃபைல், கழுத்தில் அடையாள அட்டை. எங்கள் கரையோரத்தில் இந்தக் கோலத்தில் யார் வந்தாலும் நிவாரணப் பட்டியல் எடுக்கிற ஆள்தான். "இது படிப்புக்கு" என்று வாசலுக்கு வாசல் சொன்னால் போதும் என்று நினைத்தேன், பெரிய கெட்டிக்காரி!

முதல் வீடு மாமா வீடு.

"வள்ளம் எத்தனை மாமா?"

"இல்ல மகள்."

அவருக்குப் பின்னால், நீலச் சாயம் பூசின அவருடைய வள்ளம் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"அப்ப அது?"

"இல்லெண்டு எழுதுங்க மகள். ஃபோர்முல உண்டெண்டு போட்டா நாளைக்கி ஒண்டும் கிடைக்காது."

பதிலில் ஆய்வாளர் தலையிடக்கூடாது என்று படித்தவள் அல்லவா? பூச்சியம் போட்டேன். அடுத்த வீட்டிலும் பூச்சியம். நாற்பதாவது வீடு வரைக்கும் பூச்சியம்தான்.

அடுத்த வாரம் ஃபைல் இல்லாமல் போய், தேத்தண்ணியோடு பதிவுக்கருவியை முன்னால் வைத்தேன். அதே மாமா, "என்ட வள்ளத்தப் போல ஒண்டு இந்தக் கடல்லயே இல்ல" என்று தொடங்கி, இஞ்சின் வாங்கின கதை வரைக்கும் ஒரு மணித்தியாலம் அளந்தார். மற்ற ஒன்பது பேரும் அவருக்குச் சளைத்தவர்கள் இல்லை.

இரண்டையும் இரண்டு அத்தியாயமாக எழுதிக் கொடுத்தேன். ஒன்றுக்குப் பக்கத்தில் மற்றதை வைத்துப் பார்க்க வேண்டும் என்று, அல்லாஹ் மேல் ஆணையாக, எனக்குத் தோன்றவே இல்லை.

ஆய்வேட்டுக்கான நேர்முகத் தேர்வில், பரீட்சகராக வந்த சேர் அட்டவணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, ஊரில ஒரு வள்ளமும் இல்ல. அப்ப இந்த மனிசரெல்லாம் நீந்தியா மீன் பிடிக்கப் போறாங்க?"

அறையே சிரித்தது. வெட்கத்தில் செத்தேன். இரண்டு வருசப் படிப்பு கையை விட்டுப் போகிறது என்று அழுகையே வந்துவிட்டது. அந்த அழுகையோடு உண்மையும் வந்தது. "ஃபோர்முக்கு ஒரு பதில், கதைக்கு ஒரு பதில் சேர்."

சேர் பேனையைக் கீழே வைத்தார். "ஏன் ரெண்டு பதில்? அதத்தானே நீங்க எழுதியிருக்கணும்!"

ஆறு மாதம் இருந்து திரும்ப எழுதித்தான் பட்டம் வாங்கினேன். நான் அழுதுகொண்டு சொன்னது எப்படியோ வீட்டுக்கும், மாமாவின் காதுக்கும் வந்து சேர்ந்தது. (வாய் சும்மா இருக்காமல் சொன்னவளும் நான்தான்.)

போன மாதம் சீனி வருத்தத்துக்கு மாமாவைப் புத்தளத்தில் டொக்டரிடம் கூட்டிப்போனேன். டொக்டர் பேனையைத் திறந்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி, சீனி போட்டு?"

மாமா என் பக்கம் திரும்பினார்.

"மகள், ஃபோர்முக்குச் சொல்லவா, கதைக்குச் சொல்லவா?"