தட்டு மாற்றும் நேரத்தில் ஒரே ஒரு தும்மல்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் நாலு பேர் படிப்பார்கள், எங்கள் அம்மாவுக்கு மறுபடியும் அந்தக் கதை ஞாபகம் வரும், பால் ஊற்ற வருகிறவரை நிறுத்தி வைத்து முதலில் இருந்து ஆரம்பிப்பார். ஆனால் இன்று காலையிலிருந்து மூக்கு ஒழுகுகிறது. லேத் பட்டறையில் மெஷின் பக்கமே விடவில்லை. ("நீ தும்முற தும்முக்கு அளவே மாறிப்போவுதுடா" என்கிறார் முதலாளி.) சும்மா உட்கார்ந்திருப்பதற்கு எழுதித் தொலைக்கலாம்.

மற்றவர்கள் காலண்டரைப் பார்த்து மாதம் தெரிந்துகொள்வார்கள். எங்கள் தெருவில் என் மூக்கைக் கேட்டே தெரிந்துகொள்வார்கள். மாமரம் பூத்தால் தும்மல் ஆரம்பிக்கும். பங்குனியில் வேப்பம்பூவும் புங்கம்பூவும் உதிரும்போது கண், தொண்டை, காதுக்கு உள்ளே என்று விரல் நுழையாத இடமெல்லாம் அரிக்கும். என் தும்மல் ஒன்றோடு நிற்காது. பவர்லூம் மாதிரி, ஓட ஆரம்பித்தால் கரண்ட் போனால்தான் நிற்கும்.

டாக்டர் அலர்ஜி என்றார். காலையில் ஜன்னலைத் திறக்காதே, துணியை வேப்பமரத்தடியில் காயப்போடாதே, வண்டியில் போனால் மாஸ்க் போடு என்றார். எல்லாம் செய்தேன். (மாஸ்க்கைத் தாடைக்குப் போட்டேன். இன்றுவரை என் தாடைக்கு அலர்ஜி வந்ததில்லை.) அம்மாவோ, "அலர்ஜியாமா அலர்ஜி! ஈரத்தலையோட திரிஞ்சா வேற என்ன வரும்?" என்று மஞ்சள் கொம்பைச் சுட்டு மூக்கில் புகை காட்டுவார். அந்தப் புகைக்கும் தனியாகத் தும்முவேன்.

இந்த மூக்கோடுதான் கார்த்தியின் நிச்சயத்துக்குப் போனேன்.

கார்த்தி என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். எத்தனை வருடமாகப் பெண் பார்க்கிறான் என்று எண்ணுவதை அவனே விட்டுவிட்டான். பண்ணைக்குள் கால் வைத்ததும் பெண் வீட்டுக்காரர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்துவார்கள், அதோடு ஜாதகமும் பொருந்தாமல் போய்விடும். கடைசியில் தொண்டாமுத்தூரில் நந்தினி என்று ஒரு பெண் சரி என்று சொல்லிவிட்டது. ஏன் சொன்னது என்று யாருக்கும் புரியவில்லை. கேட்டால் மாற்றிச் சொல்லிவிடுமோ என்று யாரும் கேட்கவும் இல்லை.

ஒரே ஒரு சிக்கல், நந்தினியின் பெரியப்பா. பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, அந்தப் பூனை எங்கே போயிற்று என்று விசாரித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்.

"டேய், நீ பழத்தட்டைத் தூக்கிட்டு வந்து உக்காரு, அது போதும்," என்றான் கார்த்தி. "அங்க வந்து தும்முனே, உன்ற மூக்கை அறுத்துக் கோழிக்குப் போட்டுப்போடுவேன்."

"வேண்டாம் மாப்ள, கோழிக்கும் அலர்ஜி வந்துரும்."

அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கே கொஞ்சம் பயம் வந்தது.

மெடிக்கல் கடை அண்ணன், "தும்மலுக்கு ஒரு மாத்திரை போதுமுங்க தம்பி, நல்லாத் தூக்கமும் வரும்" என்றார். நண்பனுடைய வாழ்க்கைப் பிரச்சினை, ஒன்று எப்படிப் போதும்? இரண்டு போட்டேன். (தயவுசெய்து யாரும் போட்டுவிடாதீர்கள்.) நல்லவேளை, வண்டியைக் கார்த்தியின் சித்தப்பா ஓட்டினார். பேரூர் தாண்டியது எனக்குத் தெரியாது.

தோட்டத்து வீடு. வாசலில் பந்தல். பந்தலுக்கு மேலே, இடம் கிடைக்காத மாதிரி, ஒரு பெரிய வேப்பமரம், பூவோடு பூவாக. ஆனால் மூக்கு அசையவே இல்லை. மாத்திரை மகராசன் என்று நினைத்துக்கொண்டேன். பேச்செல்லாம் நல்லபடியாக முடிந்தது. பெரியப்பா தட்டைக் கையில் எடுத்தார்.

"அப்பறம் என்னுங்க, தட்டை மாத்திக்கலாமுங்களா?"

மலைப்பக்கமிருந்து ஒரு காற்று. பூ உதிர்ந்தது.

"ஹச்ச்!"

எங்கள் பக்கம் நல்ல காரியத்தில் ஒற்றைத் தும்மல் ஆகாது. இரண்டாகத் தும்மினால் குற்றமில்லை. எனக்குத்தான் இரண்டு என்பது சில்லறையாயிற்றே! வாயைத் திறந்து, கண்ணை மூடி, அடுத்ததற்குத் தயாராக இருந்தேன். வரவில்லை. இருந்தேன். வரவே இல்லை. ஆயுசில் முதன்முறையாக மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது.

பெரியப்பா தட்டைக் கீழே வைத்தார். "ஒத்தைத் தும்மலுங்க."

"பையனுக்குச் சளிங்க," என்றார் கார்த்தியின் அப்பா.

"சளியா இருந்தாலும் சகுனம் சகுனந்தானுங்க. இன்னைக்கு வேண்டாமுங்க. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

பெண் வீட்டில் இன்னொரு நாள் என்றால் இன்னொரு மாப்பிள்ளை என்று அர்த்தம். கார்த்தியின் முகம் மின்சாரம் போன கோழிப்பண்ணை மாதிரி ஆகிவிட்டது.

"தும்முடா!" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "இன்னொன்னு தும்முடா!"

"வர மாட்டேங்குதுடா."

"மாசம் பூராத் தும்முனியேடா, எங்கூட்டுத் தண்ணி டேங்க்கு மேல உக்காந்து தும்முனியேடா!"

பெரியப்பா நியாயஸ்தர். "சித்தப் பொறுத்துப் பாக்கலாமுங்க. தம்பிக்கு அடுத்தது வந்தாச் சேத்துக்கலாம்," என்றார். உடனே நிச்சயதார்த்தம் நின்று, என் மூக்கு வைபவம் ஆரம்பித்தது. ஒருவர் சூரியனைப் பார்க்கச் சொன்னார். ஒருவர் துண்டு நுனியைத் திரித்து உள்ளே விட்டார். சமையல்காரர் மிளகுத்தூளோடு வந்தார். ஒரு மாமா மடியிலிருந்து மூக்குப்பொடி டப்பாவை எடுத்து, ஒரு சிட்டிகையைத் தானே என் மூக்கில் ஏற்றிவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. தும்மல் இல்லை. கார்த்தி பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, சேர் மேல் ஏறி, பந்தல் ஓரமாக என் தலைக்கு மேலே தொங்கிய வேப்பங்கிளையைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கினான். பூ மழை.

நான் கொட்டாவி விட்டேன். (கொட்டாவிக்கு என்ன சகுனம் என்று பெரியப்பாவுக்கே தெரியவில்லை.)

அப்போது வாசற்படியிலிருந்து, "ஹச்ச்!"

எல்லோரும் திரும்பினோம். பட்டுச்சேலையில் நந்தினி, மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ரெண்டாச்சுங்க மாமா!" என்று சேர் மேலிருந்தே கத்தினான் கார்த்தி.

"அது வேற மூக்குங்க மாப்பிள்ளை," என்றார் பெரியப்பா.

"ஏனுங்க பெரியப்பா," என்றது நந்தினி. "மாப்பிள்ளை ஊட்டுல ஒண்ணு, பொண்ணு ஊட்டுல ஒண்ணு. தட்டு மாத்தற மாதிரிதானுங்க இதும். செரியாப் போச்சில்லீங்க?"

பெரியப்பா யோசித்தார். தலையை ஆட்டினார். தட்டை எடுத்தார். அதற்குள் நந்தினி, "ஹச்ச்!"

"மூணுங்க," என்று தட்டை வைத்தார்.

"ஹச்ச்!"

"நாலு!" என்று எடுத்தார். "ஹச்ச்!" வைத்தார். அப்போதுதான் புரிந்தது, அதுவும் என் இனம், அதற்கும் பவர்லூம்தான். கார்த்தி உலுக்கிய பூவெல்லாம் காற்றில் அங்கேதான் போயிருக்கிறது.

"ரெட்டைப்படையில நிக்கறப்ப மாத்திப்போடோணுமுங்க! தயாரா இருங்க!" என்று பெரியப்பாவே கத்தினார். அடுத்த ஹச்சுக்கும் அதற்கடுத்த ஹச்சுக்கும் நடுவில் தட்டு கை மாறியது. ஆரஞ்சு இரண்டு உருண்டு ஓடின, தேங்காய் என் காலில் விழுந்தது. நான் எழுந்திருக்கவில்லை. தூங்கிவிட்டேன். விருந்தையும் தூங்கியே தீர்த்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் நந்தினி ரகசியத்தைச் சொன்னது. "கோழிப்பண்ணை நாத்தம்னு எல்லாரும் பயமுறுத்துனாங்ணா. எனக்கு வருசத்துல பாதி நாள் மூக்கே வேலை செய்யறதில்லீங்ணா. அப்பறம் எனக்கென்ன?"

அவர்கள் ஆல்பத்தில் முதல் போட்டோ, வாயைப் பிளந்து இரண்டாவது தும்மலுக்குக் காத்திருக்கும் நான்தான். இன்றும் அந்த வீட்டில் யாராவது ஒற்றையாகத் தும்மினால் எனக்குப் போன் வரும். "ஏனுங், ஒண்ணு வந்துருச்சு, நீங்க ஒண்ணு போடுங்க."

அடுத்த வாரம் அவர்கள் பையனுக்குக் காதுகுத்து. பங்குனி மாதம், அதே வேப்பமரத்தடி. "முன்வரிசையில பெரியப்பா உக்காருவாரு. நான் வரட்டுமா, ஊட்டுலயே இருந்துக்கட்டுமா?" என்று கார்த்திக்கு மெசேஜ் போட்டேன். உடனே பதில் வந்தது.

"வாடா, மாத்திரை மட்டும் போட்டுட்டு வந்துறாதே."