ஊட்ட வந்த வள்ளல்

பிறந்தநாள் கொண்டாடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம். கேமராவோடு வந்தால் கொலைவெறி.

என் அண்ணன் செந்திலுக்கு முப்பத்தொரு வயது. பேச்சு வராது, நடக்க முடியாது, மெல்லத் தெரியாது. பகலில் ஓரிக்கைப் பக்கம் ஒரு பராமரிப்பு மையத்தில் இருப்பான். அங்கே வேலை பார்க்கும் கஸ்தூரியக்கா சாப்பாட்டைக் கூழாக மசித்து, அவன் தலையைச் சற்றே முன்னால் சாய்த்து ஊட்டுவார். இல்லையென்றால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருமுறை இறங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தான்.

ஒருநாள் லீவு போட்டு மையத்தில் அவனோடு இருந்தேன். பட்டுக்கடை முதலாளி ஒருவர் தன் பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் சாப்பாடு போட வந்திருந்தார். நல்ல சாப்பாடு (வடை நானும் சாப்பிட்டேன், மறுக்கவில்லை). கடைசியில் ஜாங்கிரியை எடுத்துக்கொண்டு செந்திலிடம் வந்தார்.

"கொயந்தைக்கு நானே ஊட்டறேன்."

(கொயந்தைக்கு மீசை இருக்கிறது.)

"மூஞ்ச மேல தூக்குங்க சார், இருட்டா இருக்குது" என்றார் அவரோடு வந்த போட்டோகிராபர்.

நான் நிதானமானவள். ஒரகடத்தில் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர். எதையும் வரிசையாகத்தான் சொல்வேன்.

"சார், ஒண்ணு, அவனுக்கு மெல்லத் தெரியாது. ரெண்டு, தலையைத் தூக்கினா புரை ஏறும். மூணு..."

"அட, ஒண்ணும் ஆவாதும்மா, ஸ்வீட்டுதானே!" அதற்குள் அவர் கை செந்திலின் தாடையை நிமிர்த்திவிட்டது.

மூன்றாவதை நான் சொல்லவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, ஜாங்கிரியை அவர் வாயிலேயே திணித்தேன். கிளிக்! புரை ஏறியது அவருக்கு. பட்டுச்சட்டையெல்லாம் பாகு. கஸ்தூரியக்கா ஓடிவந்து அவர் முதுகில் தட்டினார் (தேவைக்கு அதிகமாகவே).

சாயங்காலம் உள்ளூர்ச் செய்தி வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்தது. மேலே, "மனவளர்ச்சி குன்றிய இளம்பெண் வள்ளலுக்கு ஆசையோடு இனிப்பு ஊட்டிய நெகிழ்ச்சி!"

குழு நடத்துகிறவருக்குப் போன் போட்டு, தப்பு என்றேன்.

"நீங்க யாரும்மா?"

"அந்தப் பொண்ணே நான்தான்."

சட்டென்று அவர் குரல் குழைந்தது. "அடடே, எவ்ளோ நல்லா பேசறேடா கண்ணு! சாப்ட்டியா? பக்கத்துல பெரியவங்க இருந்தா போனைக் குடு."

செந்திலிடம் ஊரே முப்பத்தொரு வருஷமாக இந்தக் குரலில்தான் பேசுகிறது. எனக்கு ஒரே ஒரு போனில் ரத்தம் கொதித்துவிட்டது.

அப்பாவுக்கு என்னவோ சிரிப்பு. இன்றைக்கும் வீட்டில் நான் "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்தால், "எவ்ளோ நல்லா பேசறேடா கண்ணு!" என்கிறார்.

மையத்தில் மட்டும் ஒரு நல்லது நடந்தது. ஊட்டிவிட ஆசைப்படும் பிரமுகர்களுக்குக் கஸ்தூரியக்கா இப்போது விளக்கமெல்லாம் சொல்வதில்லை. செல்போனில் அந்தப் படத்தைக் காட்டுகிறாராம்.

"இந்தப் பொண்ணு உள்ளாறதான் கீது. ஊட்டறதுன்னா ஊட்டுங்க சார்."