மலையேறிப் போன தீர்மானப் புத்தகம்

"மூணு பேருதான் வந்திருக்கோம்க்கா. முப்பது கையெழுத்து வேணும்," என்றாள் நகராட்சி எழுத்தர் சுபாஸ்ரீ.

"நீ, நான்... மூணாவது யாரு?"

"சமுதாயக்கூடத்து வாட்ச்மேன். தூங்குறாரு."

வேல்விழி வாசலுக்குப் போய்க் காலியாகக் கிடந்த தெருவை எட்டிப் பார்த்தாள். கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி டவுனுக்குப் பகுதி சபை என்று வந்து, தெருக்காரர்களே தங்கள் குறையைத் தீர்மானமாக எழுதி நகராட்சிக்கு அனுப்பலாம் என்றானபோது, அந்தப் பகுதியே உறுப்பினராகக் கைகாட்டியது தையல்கடை வேல்விழியைத்தான். காரணம், அவள் மகா முன்யோசனைக்காரி. வானம் லேசாகக் கறுத்தாலே குடை எடுப்பவள். இரண்டு வருடத்துக்கு முன் கடை திறந்த அன்றைக்குக்கூட, பெயர்ப்பலகை மாட்டுகிறவனுக்கு ஷாக் அடித்துவிடக் கூடாதே என்று சுவரிலிருந்த இரும்புப்பெட்டியின் ஸ்விட்சைத் தன் கையாலேயே அணைத்தவள். தீபாவளி ஜாக்கெட்டைப் பத்து நாள் முன்னாடியே தைத்துக் கொடுத்துவிடுவாள். அப்படி ஒரு டெய்லர் எந்த ஊரில் இருக்கிறார்?

குறை ஒன்றே ஒன்றுதான். ஜீப் நிற்கிற முக்கில் தெருவிளக்கு எரிவதில்லை. ஏலத்தோட்ட வேலைக்குக் குமுளி மலையேறும் பெண்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே கும்மிருட்டில் நிற்கிறார்கள். போன மாதம் அப்படி நின்ற ஜக்கம்மா சாக்கடையில் விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள்.

"விளக்கு எரிய வெச்சிட்டுத்தான் மதினி உன் வீட்டுப் படியேறுவேன்," என்று அவளிடம் வேல்விழி வாய் விட்டிருந்தாள்.

தனி ஆளாகப் போன் போட்டால் 'பார்க்கிறோம்' என்கிறார்கள். தீர்மானமாகப் போனால் பார்த்தே ஆக வேண்டும். மாதக் கடைசிக்குள் போகாவிட்டால் இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

"செவ்வாக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம் வெச்சா யாருக்கா வருவாக? எல்லாரும் தோட்டத்துல இருப்பாக," என்றாள் சுபாஸ்ரீ.

"அப்ப ஞாயித்துக்கிழமை வெப்போம். டீ, வடை போடுவோம்."

ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வந்தார்கள். வடை தீர்ந்தது. எல்லாரும் கையெழுத்தும் போட்டார்கள். இனி விளக்கு எரிந்த மாதிரிதான் என்று வேல்விழி ஜக்கம்மா வீட்டுக்குக் கிளம்பியேவிட்டாள். தீர்மானப் புத்தகத்தைப் பார்த்த சுபாஸ்ரீதான் தலையில் கைவைத்தாள்.

"அக்கா, இவுக போட்ட விலாசம் எல்லாமே அடுத்த வார்டு. வடை வாசத்துக்கு வந்திருக்காக. போதாததுக்கு அவுக தெருச் சாக்கடைய அள்ளணும்னு தீர்மானம் வேற எழுதியிருக்காக!"

"நம்ம ஆளுக எங்க?"

"கறிக்கடை வரிசையில நிக்கிறாக."

ஒரு பக்கம் முழுக்க அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று. மாதம் முடிய மூன்று நாள்தான் பாக்கி. வேல்விழிக்கு அன்று ஒரு பொத்தான் காஜாகூட ஒழுங்காக வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது யோசனை பளிச்சென்று வந்தது.

"ஏத்தா சுபாஸ்ரீ, அவுக வரலைன்னா நாம அங்கன போவோம். காலைல அஞ்சு மணிக்கு ஜீப் முக்குல கூட்டம்!" என்று போனில் கத்தினாள்.

"அஞ்சு மணிக்கா?" சுபாஸ்ரீ அழாத குறை.

மறுநாள் காலை கூட்டம் என்னவோ அலைமோதியது. ஆனால் யார் முகமும் தெரியவில்லை. வெளிச்சம் வேண்டும் என்று எழுதிய தீர்மானத்தை வாசிக்க வெளிச்சமில்லை. சுபாஸ்ரீயின் செல்போன் டார்ச், முதல் மூன்று பேர் ஒருவர்மேல் ஒருவராகக் கையெழுத்துப் போட்டதோடு சார்ஜ் இல்லாமல் அணைந்தது. அதற்குள் ஜீப் வந்து ஹாரன் அடித்தது.

"ஏறுங்கத்தா, செக்போஸ்ட்ல கூட்டமாயிரும்!" என்றார் டிரைவர்.

இருட்டில் தள்ளுமுள்ளு. ஜீப் கிளம்பியபோது உள்ளேயிருந்து தோட்டத்து வேலைக்குப் போகும் இருளம்மாளின் குரல் மட்டும் கேட்டது. "கவலப்படாத வேல்விழி, வெளிச்சம் வந்ததும் மலை மேல வெச்சுக் கையெழுத்துப் போட்டுத் தாரோம்!"

சுபாஸ்ரீ தன் கையைப் பார்த்தாள். பேனா மூடி மட்டும் இருந்தது.

"அக்கா! அது நகராட்சி ஆவணம்! கேரளாவுக்குப் போகுது! என் வேலையே போச்சு!"

அன்று பகல் முழுக்க வேல்விழி போன் போட்டபடியே இருந்தாள். தோட்டத்தில் டவர் கிடைக்கவில்லை. ஜக்கம்மாவுக்கு விளக்கும் கிடைக்காமல், இந்தப் பெண்ணின் வேலையும் போய்விட்டால் தெருவில் எப்படித் தலைகாட்டுவது என்று நினைக்க நினைக்க அழுகை முட்டியது. நெஞ்சளவு எடுக்க வேண்டிய ஒரு கிராக்கிக்கு மூன்று தடவை கையளவே எடுத்தாள்.

சாயங்காலம் ஜீப் வந்தது. புத்தகம் ஏலக்காய் மணக்க இறங்கியது. சுபாஸ்ரீ பக்கத்தைப் புரட்டினாள்.

"நாப்பத்திரண்டு கையெழுத்து. ஆனா இது என்ன மலையாளம்?"

"எங்க சூப்பர்வைசர். நல்ல காரியம்னு அவரும் போட்டாரு," என்றாள் இருளம்மாள்.

"இது?"

"டிரைவர்."

சுபாஸ்ரீ இரண்டையும் அடித்தாள். நாற்பது சுத்தமாக நின்றது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். தீர்மானம் மறுநாளே போயிற்று.

அடுத்த வாரம் வயர்மேன் ஜாஸ்பர் ஏணியோடு வந்தார். பல்பை மாற்றினார், இறங்கினார், அண்ணாந்து பார்த்தார், வயர் போகிற வழியே நடந்தார். கடைக்குள் தைத்துக்கொண்டிருந்த வேல்விழியிடம், "அக்கா, உங்க பெயர்ப்பலகைய ஒரு நிமிசம் கழட்டிக்கிறேன்," என்றார்.

"தாராளமா கழட்டுங்க, தம்பி."

சாயங்கால ஜீப் வந்து நின்ற நேரத்துக்குச் சரியாக விளக்கு எரிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். ஜக்கம்மாகூட நொண்டிக்கொண்டே வந்துவிட்டாள்.

"நம்ம சொல்லும் அங்கன எடுபடுதுத்தா! எல்லாம் உன்னாலதான்," என்று வேல்விழியின் கன்னத்தை வழித்தாள்.

வேல்விழிக்கு நெஞ்சிலிருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏணியை மடக்கிக்கொண்டிருந்த ஜாஸ்பரிடம் போய், "ரொம்ப நன்றி தம்பி, புது பல்பு பிரமாதமா எரியுது," என்றாள்.

ஜாஸ்பர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பழைய பல்பையே திருப்பி மாட்டிட்டேன்க்கா. அது நல்லாத்தான் இருக்கு. உங்க பெயர்ப்பலகைக்குப் பின்னால இருக்கிற இரும்புப்பெட்டியிலதான் ரெண்டு வருசமா யாரோ தெருவிளக்கு ஸ்விட்ச அமத்தி வெச்சிருக்காக."